ஒரு காதுக்கான பணம்

அக்காவிடம் ஒரு காதுக்குப் பணம் இருந்தது. நான் இரண்டு காதுக்கு ஆசைப்பட்டேன். நடந்தது இவ்வளவுதான். மீதியைக் கேட்டால் உங்களுக்கு என் மேல் எரிச்சல் வரும். வரட்டும், எனக்கே தினமும் வருகிறது.

காது அக்கா மகளுக்கு. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கேட்காது. குருவி என்று கூப்பிடுவோம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்பது வேறு விஷயம். சந்தோஷம் வந்தால் கதவு ஜன்னல் அதிரக் கீச்சிடுவாள், அதனால் அந்தப் பெயர். நாங்கள் பேசிக்கொண்டிருந்தால் ஓடி வந்து மடியில் ஏறி, உள்ளங்கையைத் தொண்டைக் குழியில் வைத்துக்கொள்வாள். அங்கே அதிர்வதுதான் அவளுக்குப் பேச்சு. நாம் நிறுத்தினால் தாடையில் தட்டுவாள். பேசு என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்ற பழமொழிக்குத் தடை.

அத்தான் என்று ஒருவர் இருந்தார். குழந்தைக்குக் காது கேட்காது என்று தெரிந்த மாதமே அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. நாலு வருஷமாகியும் அந்த வேலை முடியவில்லை. நான், அக்கா, குருவி மூன்று பேரும் டயர் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருக்கிறோம். அக்காவுக்கு ஓட்டல் துணி துவைக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் படுத்த விரிப்புகளை நீவி நீவியே அந்தப் பணத்தைச் சேர்த்தாள். அவள் கையில் இருக்கும் சூட்டுத் தழும்புகளை எண்ணினால் அதற்கே ஒரு நாள் போய்விடும்.

என் வேலை கல் அரைப்பது. சிரிக்காதீர்கள், அதுதான் வேலை. பாறையில் தங்கம் எத்தனை இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் கூடத்தில் அரவை அறை ஆள் நான். சுரங்கக் கம்பெனிகள் பூமியைத் துளைத்து எடுத்த கல்லைப் பைகளில் கட்டி அனுப்பும். முதலில் நான் அதைக் குருணையாக உடைப்பேன். பாதியைப் பையிலேயே திருப்பிப் போட்டு அலமாரியில் வைப்பேன், பின்னால் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க. மீதிப் பாதியை இரும்புக் கிண்ணத்தில் கொட்டி, மூடியை இறுக்கி, மெஷினைப் போட்டால் மூன்று நிமிஷத்தில் மாவாகிவிடும். அந்த மூன்று நிமிஷச் சத்தத்தில் மண்டை ஓடு கழன்றுவிடும் போலிருக்கும். அதனால் எட்டு வருஷமாகக் காதுமூடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். காது இருப்பவன் காசுக்காக அதை மூடிக்கொள்கிறான், அவன் அக்கா காசு கொடுத்து ஒரு காது வாங்கப் பார்க்கிறாள். இதைச் சொல்லி அக்கா சிரிப்பாள். அப்போதெல்லாம் அவள் சிரிப்பாள்.

மாவு உலைக்குப் போகும். உலையில் உருகி, கடைசியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு மணி மிஞ்சும். அந்த மணியைக் கண்ணாடிப் பெட்டித் தராசில் நிறுத்து எழுதுவது தராசம்மாவின் வேலை. முப்பது வருஷமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். டன்னுக்கு இத்தனை கிராம் என்று அவர் எழுதும் எண்ணை வைத்துத்தான் வெளியே பங்குச் சந்தையில் குதிக்கிறவர்கள் குதிப்பார்கள், விழுகிறவர்கள் விழுவார்கள்.

எங்களுக்குக் கம்பெனிகளின் பெயர் முக்கியமில்லை. பையின் நிறத்தை வைத்துத்தான் பேசுவோம். சிவப்புப் பைக்காரன் பெரிய முதலாளி. அவன் கல்லில் சில சமயம் தங்கம் கண்ணுக்கே தெரியும். வெள்ளைப் பைக்காரன் புதுசு. சந்தையில் பட்டியலிட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பங்கு இருபது காசில் ஆரம்பித்து எட்டுக் காசுக்கு வந்து படுத்துக் கிடந்தது. அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரு குன்று, ஒரு துளைபோடும் வண்டி, கடன் சொல்லி வாங்கிய டீசல். கல்லும் வெறும் வெள்ளைக் கல். அரைத்தால் கோதுமை மாவு போல இருக்கும், உலையில் போட்டால் ஒன்றும் மிஞ்சாது.

அரவை அறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. தங்கம் மெத்தென்ற பண்டம். உடையாது, கிண்ணத்தின் சுவரில் அப்பிக்கொள்ளும். அதனால் பணக்காரச் சரக்கு அரைத்து முடித்ததும் இரண்டு கரண்டி வெறும் மணலைப் போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும். மணல்தான் எங்களுக்குச் சோப்பு. கொட்டிவிட்டு மெஷின் பக்கத்தில் தொங்கும் நோட்டில் ‘மணல்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். புதிதாக வரும் ஆளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

அன்றைக்குக் குருவிக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. மூன்று மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சிவப்புப் பை முடியும்போதே ஒன்றே முக்கால். அதற்குப் பிறகு வெள்ளைப் பை முப்பது கிடக்கிறது. அவற்றில் பாதியையாவது முடிக்காமல் மேனேஜர் விடமாட்டார். அக்கா இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். மணலுக்கு ஆறு நிமிஷம் ஆகும். வெள்ளைப் பையில் என்ன இருக்கப்போகிறது, எப்போதும் போல ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். டிக்கைப் போட்டேன், மணலைப் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். “அஞ்சு வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணி காதுக்குள்ள கருவி வச்சாகணும். அதுக்கப்புறம் வச்சா சத்தம் கேக்கும், ஆனா பேச்சாப் புரியாது. இன்னும் எட்டு மாசம் இருக்கு உங்களுக்கு.”

“ஒரு காதுக்குச் சேர்த்துட்டேங்க” என்றாள் அக்கா. மூன்று வருஷமாக யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

“ஒண்ணு போதும்மா, தாராளமாப் பேச வரும். ரெண்டும் வச்சா நல்லது. எந்தப் பக்கத்துல இருந்து வண்டி வருது, யார் எங்கிருந்து கூப்பிடறாங்கன்னு தெரியும். ஒண்ணுன்னா அது மட்டும் தெரியாது.”

அக்கா ‘போதும்’ என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தாள். நான் ‘எந்தப் பக்கம்’ என்பதோடு வந்தேன். ரோட்டைக் கடக்கும் குருவி, ஹாரன் சத்தம், அவள் தப்பான பக்கம் திரும்புவது. இரண்டு நாள் இதே படம்தான் கண்ணுக்குள் ஓடியது.

மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது தராசம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “உன் வெள்ளைப் பைக்காரனுக்கு யோகம்டா. முதல் அஞ்சு பையில மணி மணியா வந்திருக்கு. நானே ரெண்டு தடவை நிறுத்தேன்.”

இதைத் தெய்வச் செயல் என்றுதான் நினைத்தேன். எட்டு வருஷம் ஊரார் தங்கத்தை அரைத்துக் கொடுத்தவனுக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ஆசை வந்தவனுக்கு அறிவு வேலைக்கு வராது.

கல் அனுப்பும் கம்பெனிகளின் பங்குகளை வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை. வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அதனால் அக்கா பெயரில் வாங்க வேண்டியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவளிடம் சொன்னேன்.

“நீ கல்லு அரைக்கிறவன்டா” என்றாள். “கல்லுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சா, நீ ஏன் இன்னும் கல்லு அரைக்கிறே?”

“இது கேள்விப்பட்டது இல்லக்கா. என் கையால அரைச்ச சரக்கு. இன்னும் ஒரு வாரத்துல கம்பெனிக்காரன் உலகத்துக்கே சொல்லப்போறான். அதுக்குள்ள வாங்கிட்டா ஒண்ணு ரெண்டாகும்.”

“ஆகலைன்னா?”

“ஒண்ணு ஒண்ணாவே இருக்கும்.”

அப்படிச் சொன்னவன் நான்தான். ஒன்று பூஜ்யமாகவும் ஆகலாம் என்ற கணக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

குருவி அக்கா தொண்டையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அக்கா வெகுநேரம் பேசாமல் இருந்தாள். குருவி அவள் தாடையில் தட்டினாள். “சரிடா” என்றாள் அக்கா. அது எனக்குச் சொன்னதா, குழந்தைக்குச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. அவளுடைய போனை எடுத்து, அவள் பெயரில் கணக்குத் திறந்து, ஒன்பது காசு விலையில், சேர்த்து வைத்திருந்த பணம் அத்தனைக்கும் வாங்கினேன்.

ஒரு வாரத்தில் கம்பெனி அறிவித்தது. முதல் ஐந்து பை டன்னுக்குப் பதினாலு, எட்டு, ஐந்து, மூன்று, ஒன்று கிராம். ‘மேற்பகுதியில் செறிவு மிக அதிகம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். அந்த எண்களை நான் பாட்டுப் போல மனப்பாடம் செய்தேன். ஒரே சீராக இறங்கும் வரிசை. பார்க்க அழகாக இருந்தது.

பங்கு விலை பன்னிரண்டு, பதினைந்து காசு என்று ஏறிப் பத்தாம் நாள் பதினெட்டுக்கு வந்தது. அக்கா வேலைக்கு நடுவில் வெளியே வந்து போன் பண்ணினாள். பின்னால் சலவை மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

“ரெண்டு காதும் வந்துடுச்சுடா. போதும். வித்துடு.”

“இருக்கா. அந்தக் கருவிக்கு பேட்டரி வேணும், பேச்சு வகுப்புக்கு ரெண்டு வருஷம் போகணும், கருவி பழசானா மாத்தணும். ஏறுற சரக்கை எவனாவது பாதியில விப்பானா? இன்னும் ஒரு வாரம் பொறு.”

“டேய், எனக்கு பயமா இருக்கு.”

“பயப்படறவ இஸ்திரிப் பெட்டியே தொடக் கூடாது” என்று சிரித்தேன். பெரிய நகைச்சுவை. அவளும் சிரித்துவிட்டாள். தம்பிக்கு விவரம் தெரியும் என்று நம்பினாள்.

முப்பத்தொன்று வரை போனது. அந்த நாட்களில் நான் தெருவில் நடந்த நடையே வேறு. டயர் கடைக்காரர் “என்ன தம்பி, சம்பளம் ஏறிடுச்சா?” என்றார். தராசம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ ஏதோ பண்ணியிருக்கே” என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பல்லைக் காட்டினேன், அவருக்கு அது போதும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் விலை நகரவில்லை. வியாபாரம் நிறுத்தப்பட்டிருந்தது. கம்பெனிக்காரன் பக்கத்திலேயே இன்னும் நாலு துளை போட்டிருக்கிறான், ஒன்றிலும் ஒரு தூசி கூட இல்லை. பயந்துபோய், முதல் துளையின் கல்லை மறுபடி சோதிக்கச் சொல்லியிருக்கிறான். முடிவு வரும்வரை யாரும் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பத்து மணிக்கு மேனேஜர் ஒரு தள்ளுவண்டியோடு அரவை அறைக்கு வந்தார். அலமாரியில் இருந்த வெள்ளைப் பைகளில் பத்து. மறுசோதனைக்கு எப்போதும் செய்வது போலப் புது நம்பர் ஒட்டியிருந்தார்.

“வேற யாரையும் தொட விடாதே” என்றார். “நீயே அரை. எட்டு வருஷத்துல உன் மேல ஒரு புகார் வந்ததில்ல, அதனாலதான் உன்கிட்டக் கொடுக்கறேன்.”

அவர் போனதும் நோட்டைப் பிரித்து அந்த நாளைத் தேடினேன். அதுவரை தேடாமல் இருந்ததே அங்கே என்ன இருக்கும் என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்ததனால்தான். சிவப்புப் பை. அதற்குக் கீழே வெள்ளைப் பை. நடுவில் மணல் கட்டத்தில் என் டிக். ஓரத்தில் என் கையெழுத்திலேயே ‘3 மணி ஆஸ்பத்திரி’.

பதினாலு, எட்டு, ஐந்து, மூன்று, ஒன்று. பூமிக்குள் தங்கம் இப்படிப் படிக்கட்டு போல இறங்காது. கழுவாத கிண்ணம்தான் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாகும். வெள்ளைப் பைக்காரன் குன்றில் தங்கமே இல்லை. இருந்தது என் கிண்ணத்தில் ஒட்டியிருந்த அழுக்கு. அந்த அழுக்கை நம்பித்தான் அக்காவின் மூன்று வருஷத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது குளிக்கத் தெரியும்.

அந்த அறையில் நான் நின்ற நேரத்தை எப்படிச் சொல்வது? மேனேஜரிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் பங்கு விழும், திட்டு விழும். சொல்லாமல் ஒழுங்காக மணல் போட்டு அரைத்தாலும் உலையில் ஒன்றும் மிஞ்சாது, அப்போதும் பங்கு விழும். இரண்டு வழியிலும் காது போய்விட்டது. மூன்றாவது வழி ஒன்று அலமாரியில் சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

மறுசோதனையிலும் அதே போல வந்துவிட்டால் வியாபாரம் திறக்கும். திறந்ததும் முதல் நிமிஷத்தில் விற்றுவிடலாம். வாங்குகிறவன் யாரோ. அவனுக்கு முகம் கிடையாது. குருவிக்கு முகம் இருக்கிறது. இப்படித்தான் யோசித்தேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது, அன்றைக்குக் கூசவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சிவப்புப் பையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அரைத்தேன். மாவைக் கொட்டினேன். கிண்ணத்தைத் துடைக்கவில்லை. காதுமூடியைப் போட்டுக்கொண்டு, வெள்ளைப் பைகளைப் புது நம்பர்படி ஒன்றன்பின் ஒன்றாக அரைத்தேன். நோட்டில் மணல் கட்டத்தில் டிக் போட்டேன். முதல் டிக் சோம்பேறித்தனம். இரண்டாவது டிக் திருட்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார்.

“உக்காரு” என்றார். எட்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். பன்னிரண்டு, ஏழு, நாலு, இரண்டு, ஒன்று. அதற்குக் கீழே வரிசையாகப் பூஜ்யம். என் நெஞ்சு லேசானது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

“ரெண்டாவது பை என்ன தெரியுமா?” என்றார்.

“வெள்ளைப் பை சார்.”

“பை வெள்ளைதான். உள்ள இருந்தது என்னோடது. மறுசோதனைன்னா நான் எப்பவும் வெத்துக் கல் ஒண்ணு நடுவுல சேர்ப்பேன். அரைக்கிறவனுக்கு சொல்ற வழக்கமில்ல. இந்தத் தடவை என் வீட்டு பால்கனிப் பூந்தொட்டியில கிடந்த வெள்ளைக் கூழாங்கல். ஞாயித்துக்கிழமை நானே உட்கார்ந்து உடைச்சேன்.” கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அதுல டன்னுக்கு ஏழு கிராம் தங்கம் இருக்காம். சொல்லு, வேலையை விட்டுட்டுப் பூந்தொட்டியைத் தோண்டட்டுமா?”

நான் தாளை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

“முதல் தடவையும் மணல் போடலையா?”

“இல்ல சார். நேரமில்ல. குழந்தைக்கு ஆஸ்பத்திரி...”

“அந்தத் தடவை வந்து சொல்லியிருந்தா எழுதி வாங்கிட்டு விட்டிருப்பேன். மனுஷன்தானே, தப்பு பண்றது சகஜம்.” அவர் குரல் உடைந்தது போலிருந்தது. அது எனக்கு அடி வாங்கியதைவிட வலித்தது. “ரெண்டாவது தடவை பண்ணியிருக்கே பாரு, அதுக்கு என்கிட்ட மன்னிப்பு இல்ல. யார் பேர்ல வாங்கினே?”

அக்காவின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கே என்னை வெளியே அனுப்பினார்கள். எட்டு வருஷச் சாமான் ஒரு பிளாஸ்டிக் பையில் அடங்கியது. காதுமூடியை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள், அது கூடத்துச் சொத்தாம்.

வாசலில் தராசம்மா நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நான் மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தார்.

“நானும் வாங்கினேன்டா” என்றார். “உன் மூஞ்சியைப் பார்த்துட்டு. பதினெட்டுல.”

“அம்மா...”

“அந்த ஏழு கிராம் கணக்கைத் தராசுல நிறுத்து எழுதினது நான்தான். தங்கம் வந்திருக்கு, பொழைச்சோம்னு நினைச்சுக்கிட்டே எழுதினேன்.” திரும்பி உள்ளே போனார். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருந்தது.

கம்பெனி தன் தலையில் கைவைத்துக்கொண்டு உண்மையை அறிவித்தது. வியாபாரம் திறந்ததும் முப்பத்தொன்றாக இருந்த பங்கு ஒன்றரைக் காசுக்கு வந்தது. அந்த ஒன்றரையையும் விற்க முடியவில்லை. விசாரணை முடியும்வரை அக்காவின் கணக்கை முடக்கிவிட்டார்கள். விசாரணைக்கு ஒரு வருஷமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார்கள். குருவிக்கு ஐந்து வயதாக ஆறரை மாதம் இருந்தது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று சின்ன வயதில் மற்றவர்களைக் கேலி செய்திருக்கிறேன். அது என் முகவரியைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறது.

சொல்வதற்குச் சலவைக்கூடத்துக்கே போனேன். வீட்டில் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அங்கே சத்தம் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், அழமாட்டாள் என்று ஒரு கணக்கு. உள்ளே ஆவியும் சோப்பு வாடையுமாக இருந்தது. மூலையில் துணி உலர்த்தும் பெரிய மெஷின் சுழன்றுகொண்டிருந்தது. பாலர் பள்ளி மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு குருவிக்கு அந்த மெஷின்தான் கூட்டு. முதுகை அதில் சாய்த்து உட்கார்ந்து அதிர்வை அனுபவித்துக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும் கீச்சிட்டாள்.

அக்கா இஸ்திரி மேஜையிலிருந்து நிமிர்ந்தாள். நான் சொன்னேன். மறுசோதனையில் தங்கம் இல்லை, பங்கு விழுந்துவிட்டது, கணக்கை முடக்கிவிட்டார்கள். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வெகுநேரம் அதன் கைப்பிடியை விடவில்லை.

“ஒரு காது?” என்று கேட்டாள்.

அதுவும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“வேலை இருக்குல்ல உனக்கு? சம்பளச் சீட்டு கொண்டுவந்தா ஆஸ்பத்திரியில தவணைக்குப் பண்றோம்னு அன்னைக்கு கவுண்டர்ல இருந்த பொண்ணு சொல்லுச்சே. போகட்டும்டா. ஒரு காது தவணையில வச்சுடுவோம். நான் ராத்திரி ஷிப்டும் பார்க்கறேன்.”

மூன்று வருஷப் பணம் போய் மூன்று நிமிஷம் ஆகவில்லை, அவள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரத்தில் செத்துப்போயிருக்கலாம் என்று உண்மையாகவே நினைத்தேன்.

“வேலையும் இல்லக்கா.”

“ஏன்?”

“கூடத்துல தப்பு நடந்துபோச்சு. யார் தலையிலயாவது கட்டணும்ல. என் தலையில கட்டிட்டாங்க.”

“யாரு, அந்த மேனேஜரா? எட்டு வருஷம் நாயா உழைச்சவனை... அவன் விளங்குவானா? அவன் குடும்பம் விளங்குமா?” அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பூந்தொட்டிக் கல்லை உடைத்த அந்த நல்ல மனிதரை என் அக்கா கண்ணீர் விட்டுச் சபித்தாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கமிருந்து மேற்பார்வைக்காரி குரல் கொடுத்தாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விரிப்புகளை எடுக்கப் போனாள்.

நான் போய் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். குருவி மடியில் ஏறிக்கொண்டாள். உள்ளங்கையைத் தொண்டைக் குழியில் வைத்தாள். நான் பேசவில்லை. தாடையில் தட்டினாள். இன்னும் ஒரு தடவை தட்டினாள்.

அவளிடம் சொன்னேன். கேட்காதவளிடம் சொல்வதற்கு என்ன பயம்? மெஷின் சத்தத்துக்கு மேல் உரக்கவே சொன்னேன், உரக்கச் சொன்னால்தான் அவளுக்கு நன்றாக அதிரும். “மேனேஜர் மேல தப்பில்லடா குருவி. மாமா மேலதான். மணல் போடாம விட்டது நான். அதுகூடப் பரவாயில்ல. அதைச் சொல்லியிருந்தா வேலை இருந்திருக்கும், உனக்கு ஒரு காது இருந்திருக்கும்.” குருவி சிரித்தாள். நன்றாக அதிர்ந்திருக்கிறது. “ரெண்டாவது தடவை தெரிஞ்சேதான் பண்ணேன். உன் ஒரு காதையும் நான்தான் எடுத்துட்டேன்.”

கடைசி வாக்கியம் எனக்கே பலமாகக் கேட்டது. துணி உலர்ந்துவிட்டது. மெஷின் எப்போதோ நின்றிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா கை நிறைய விரிப்புகளோடு நின்றிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. விரிப்புகளை மேஜைமேல் வைத்தாள். ஓரம் கசங்கியிருந்ததை நீவிவிட்டாள். பிறகு வந்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. குனிந்து, குருவியின் கையைப் பிடித்து, என் தொண்டையிலிருந்து எடுத்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

குருவி அவள் தோளுக்கு மேலே கையை நீட்டி என் தாடையைத் தட்டப் பார்த்தாள். எட்டவில்லை.